பங்கின் விலையும் பண்ணையின் பயனும்

சென்ற மாதம் நெசவாளர் சங்கம் ஒன்றின் மகாசபைக்குச் சென்றிருந்தேன். வரவு செலவு அறிக்கை படித்து முடிந்ததும், முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இச்சங்கத்தில் நான் பங்கு எடுத்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அன்று கொடுத்த நூறு ரூபாய் இன்றும் நூறு ரூபாயாகவே நிற்கிறது. வெளியிலே கம்பெனிப் பங்குகள் ஒன்றுக்குப் பத்தாக ஏறுகின்றன என்கிறார்கள். நம் பங்கு மட்டும் ஏன் ஏறுவதில்லை?"

சபையிலே சிரிப்பு எழுந்தது. ஆனால் அது சிரித்துத் தள்ளத்தக்க கேள்வியன்று. கூட்டம் கலைந்த பின் அவர் என்னைத் தனியே அழைத்து, மடித்து வைத்திருந்த வண்ணத் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் காட்டினார். தேக்குப் பண்ணையில் பாகம் வாங்கினால் சில ஆண்டுகளில் பணம் பன்மடங்காகும் என்று அதில் அச்சிட்டிருந்தது. தம் மகளின் திருமணத்துக்கென்று சிக்கன நிதியில் சேர்த்திருந்த தொகை முழுவதையும் எடுத்து அதில் கட்ட எண்ணி, விண்ணப்பமும் எழுதி வைத்திருந்தார். அன்று அவருக்கு நான் சொன்ன பழைய கதையைச் சற்று விரித்து, நம் அங்கத்தினர் அனைவரும் அறியுமாறு இங்கே எழுதுகிறேன்.

வயநாட்டுத் தங்கம்

இன்று நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்த கூடலூர், தேவாலா, பந்தலூர் ஆகிய ஊர்கள் 1877 வரை மலபார் ஜில்லாவின் வயநாட்டில் அடங்கியிருந்தன. அங்கே வெள்ளைக்காரத் துரைமார்கள் காடு வெட்டிக் காப்பித் தோட்டங்கள் போட்டிருந்தனர். தண்டு துளைக்கும் வண்டும், இலைகளில் பரவிய துரு நோயும் அத்தோட்டங்களை வாட்டின. அத்துரு நோய் 1869-இல் இலங்கையில் தோன்றி, பின்னர் அத்தீவின் காப்பிப் பயிரையே அழித்த நோயாகும். விளைச்சல் குன்றியது, கடன் ஏறியது, தோட்டங்களை வாங்குவார் அரிதாயினர்.

அம்மலைகளின் மண்ணை அலசிச் சிறிதளவு பொன் எடுப்பது அங்குள்ள மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த தொழில். 1874-இல் ஆல்பா என்னும் கம்பெனி தேவாலாப் பகுதியில் பாறையை உடைத்துப் பொன் எடுக்க முயன்றது. பின்னர், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் சுரங்க இலாகாவில் பதவி வகித்த பிரோ ஸ்மித் என்பவரை அரசாங்கம் 1879-இல் வரவழைத்து ஆராயச் செய்தது. பொன் உண்டு என்று அவர் நம்பிக்கையோடு அறிக்கை தந்தார்.

அவ்வளவுதான், லண்டன் நகரில் பித்துப் பிடித்தது. 1880, 1881 ஆகிய ஆண்டுகளைச் சூழ்ந்த குறுகிய காலத்தில், வயநாட்டுத் தங்கத்துக்கென்று முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் இங்கிலாந்தில் எழுந்தன. அவற்றின் மூலதனம் ஏறக்குறைய நாற்பது லட்சம் பவுன் என்று கணக்கிடப்பட்டது. நேற்று வரை கேட்பாரற்றுக் கிடந்த காப்பித் தோட்டங்கள் தங்க வயல் என்ற பெயரில் பெருவிலைக்குக் கைமாறின.

இயந்திரங்கள் மாட்டு வண்டிகளில் மலையேறின. பாறையை இடித்துப் பார்த்தபோது, ஒரு டன் கல்லுக்குச் சில பென்னிவெயிட் பொன்னே கிடைத்தது. இருபது பென்னிவெயிட் சேர்ந்தால்தான் ஓர் அவுன்ஸ். எடுக்கும் செலவுக்கே அது போதவில்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பங்கு வாங்கியோர் கையில் காகிதமே எஞ்சியது.

நட்டத்தின் வழி

பொன் குறைவாக இருந்ததால் மட்டும் நட்டம் வந்ததென்று எண்ணலாகாது. பணம் எவ்வழியே சென்றது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன்.

ஒருவரிடம் பத்தாயிரம் பவுன் மதிப்புள்ள தோட்டம் இருக்கிறது. கம்பெனி எழுப்புவோர் சிலர் கூடி அதை அந்த விலைக்குப் பேசி வைக்கின்றனர். பிறகு அவர்களே ஒரு லட்சம் பவுன் மூலதனத்தில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, தங்கள் ஆட்களை டைரக்டர்களாக அமர்த்தி, அதே தோட்டத்தை எழுபதாயிரம் பவுனுக்குக் கம்பெனியின் தலையில் கட்டுகின்றனர். பெரிய மனிதர்களின் பெயர்களைத் தாங்கிய அறிக்கை வெளிவருகிறது. பங்கு ஒரு பவுன் என்று பொதுமக்கள் வாங்குகின்றனர். கம்பெனி எழுப்பியவர்கள் அறுபதாயிரத்தை முதல் நாளிலேயே எடுத்துக்கொண்டு விடுகின்றனர். சுரங்கம் தோண்ட மிஞ்சுவது முப்பதாயிரமே. ஆகவே ஒரு பவுன் கொடுத்தவரின் பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தொழிலில் இறங்கவில்லை. பொன் கிடைத்தாலுமே அவர் போட்ட முதல் மீள்வது அரிது.

இக்கற்பனைக்கு ஒப்பான மெய்வழக்கு ஒன்றும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் சாம்பிரெரோ என்றொரு சிறு தீவு இருக்கிறது. பயிருக்கு எருவாகும் பாஸ்பேட் கல் அங்கே வெட்டப்பட்டது. எர்லாங்கர் என்னும் பெருந்தனவணிகரின் கூட்டத்தார் 1871-இல் அந்தச் சுரங்க உரிமையை 55,000 பவுனுக்கு வாங்கினர். சில நாட்களுக்குள் தாங்கள் எழுப்பிய புதிய கம்பெனிக்கு அதையே 1,10,000 பவுனுக்கு விற்றனர். உண்மை வெளிவந்ததும் வழக்கு நடந்தது. 1878-இல் பிரபுக்கள் சபை அவ்விற்பனையை ரத்துச் செய்தது. கம்பெனியை எழுப்புவோர் தம் சொத்தைத் தாமே அதற்கு விற்பதாயின், எதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் சொற்படி ஆடாத டைரக்டர்கள் அதைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். இதுவே தீர்ப்பின் சாரம். நம் நிர்வாகக் குழுக்களும் நினைவில் வைக்க வேண்டிய நெறி இது. நூல், நிலம், கட்டடம் எதுவாயினும், குழுவினர் ஒருவருக்கு உரிமையுள்ள பொருளைச் சங்கம் வாங்கும்போது மற்ற அங்கத்தினர் கண்ணை மூடிக்கொண்டிருத்தல் ஆகாது.

கோலாரில் பொன் இருந்தது

நிற்க. பொன் மெய்யாகவே இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதையும் காண வேண்டும். மைசூர் சமஸ்தானத்துக் கோலாரில் லாவெல் என்னும் ஐரிஷ்காரர் 1875-இல் சுரங்க உரிமை பெற்றார். அது பிறர் கைக்கு மாறி, 1880-இல் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தோன்றியது. முதல் சில ஆண்டுகள் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு பவுன் பங்கு சில பென்னிகளுக்கு இறங்கியது. அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. அஞ்சியவர்கள் விற்று ஒதுங்கினர். பின்னர் வளமான பொன் அடுக்கு அகப்பட்டு, கோலார் உலகப் புகழ் பெற்றது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து அதற்கு மின்சாரம் வந்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது.

பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி அதை வெட்டியவர்களுள் மிகப் பலர் வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர். லாப ஈவு நெடுங்காலம் லண்டனுக்குச் சென்றது. வெட்டியவருக்குக் கிடைத்தது கூலி. 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின, 2001-இல் மூடப்பட்டன. பங்குக்காரர் சுரங்கத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. சுரங்கத்தில் உழைத்தவருக்குப் பங்கு இல்லை. உடைமையும் உழைப்பும் இவ்வாறு பிரிந்து நிற்பதுதான் அக்காலத்துத் தோட்டம், சுரங்கம் இரண்டுக்கும் அடிப்படையாக இருந்தது.

சென்னையில் விழுந்த இடி

பங்கு வாங்காதவர்களும் தப்பவில்லை. சென்னையில் ஆர்பத்நட் கம்பெனி பெரும் வாணிப நிலையம். வங்கித் தொழிலும் செய்தது. நல்ல வட்டி கிடைக்குமென்று உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் கோயில் நிதிகளும் அதில் பணம் போட்டு வைத்திருந்தனர். அப்பணம் தொலைதூர ஊக முயற்சிகளில் முடங்கியதால், 1906 அக்டோபரில் அக்கம்பெனி முறிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலைகுலைந்தன. அதன் தலைவர் சிறைத் தண்டனை பெற்றார். ஆயினும் போட்டவர்கள் இழந்தது இழந்ததே. அவ்வதிர்ச்சியின் பின் 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1904-இல், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்து, திரூரிலும் திருவல்லிக்கேணியிலும் நம் இயக்கம் கால் ஊன்றியிருந்தது.

நம் பங்கு ஏன் ஏறுவதில்லை?

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். கம்பெனிப் பங்கு சந்தையில் விற்கப்படுவது. அடுத்தவர் என்ன விலை கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பே அதன் விலையை ஏற்றுகிறது, இறக்கவும் செய்கிறது. நம் சங்கப் பங்கு அங்காடிக்குப் போவதில்லை. விலகும்போது விதிகளின்படி முகமதிப்புத் தொகையே திரும்பக் கிடைக்கும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. ஆகவே பணமுடையவர் ஒருவர் பங்குகளை வாரிக்கொண்டு சங்கத்தைக் கைப்பற்ற இயலாது. ஆதாயத்தில் ஒரு பகுதி ஒதுக்கு நிதிக்குச் செல்கிறது. எஞ்சியதில் வரம்புக்குட்பட்ட பங்கு ஈவு உண்டு. நூல் நேரத்தில் கிடைப்பது, சேலை தேங்காமல் விற்பது, கந்துவட்டிக்குப் போகாமல் கடன் கிடைப்பது ஆகியவையே நம் பங்கின் மெய்ப்பயன். இவை நடைபெறாவிடின் அங்கத்தினர் குறை கூறலாம்; கூறவும் வேண்டும். விலை ஏறவில்லை என்பது மட்டும் குறையாகாது.

பண்ணைப் பாகங்களின் விளம்பரம் பழங்கதையாகிவிடவில்லை. 1990-களில் தேக்குப் பண்ணைத் திட்டங்கள் பல எழுந்து வீழ்ந்தன. அதன்பின் 1999-இல் இத்தகைய கூட்டு முதலீடுகளுக்கு 'செபி' அமைப்பு தனி விதிகள் வகுத்தது. 2012-இல் கொங்கு நாட்டில் ஈமுக் கோழிப் பண்ணைகளில் பணம் போட்டவர்களும் ஏமாந்தனர். ஆதலின் எவரேனும் பிரசுரத்தோடு வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். நிலம் எந்தச் சர்வே எண்ணில், யார் பெயரில் இருக்கிறது? விற்பவர் அதை எப்போது, என்ன விலைக்கு வாங்கினார்? நான் தரும் ரூபாயில் எவ்வளவு தொழிலில் இறங்கும்? இத்திட்டம் செபியிடம் பதிவானதா? விடையை எழுத்தில் கேளுங்கள்.

பெரியவரின் பிரசுரத்தில் இந்நான்கில் ஒன்றுக்கும் விடை இல்லை. இருவரும் திண்ணையில் அமர்ந்து அதை முழுவதும் படித்தோம். அவர் விண்ணப்பத்தைக் காரியதரிசியிடம் கொடுக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "என் மைத்துனன் போன மாதமே கட்டிவிட்டானே, ஐயா," என்றார். ரசீதையும் ஒப்பந்தத்தையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். வரும் வாரம் பார்ப்பதாக ஏற்பாடு.

வயநாட்டு மலைகளில் கம்பெனிகள் போயின; மண் இருக்கிறது. அங்கே இன்று தேயிலை வளர்கிறது. நீலகிரியில் சிறு விவசாயிகள் சேர்ந்து 1962-இல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கினர். பின்னர் பந்தலூரிலும் பிதர்காட்டிலும் அத்தகைய தொழிற்சாலைகள் அமைந்தன. இலை விலை குறைந்த ஆண்டுகளில் அவர்களுக்கும் துன்பம் உண்டு. ஆனால் தொழிற்சாலைக்கு இலை கொடுப்பவரே அதன் பங்குக்காரர். கணக்கைக் கேட்கும் உரிமையும் அவருக்கே. அடுத்த மகாசபையில் நீங்களும் அவ்வுரிமையைத் தவறாமல் பயன்படுத்துங்கள்.