சின்னங்கள் மாறியபோது மூளை எதைப் பற்றிக்கொண்டது?

1977 முதல் 1996 வரை நடந்த ஆறு சட்டமன்றத் தேர்தல்களிலும் அறந்தாங்கித் தொகுதி சு. திருநாவுக்கரசரையே தேர்ந்தெடுத்தது என்பது தமிழக அரசியலை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தி அன்று. ஆனால் அந்த வெற்றிகளை மாநிலத்தின் பொதுப் போக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அவற்றின் விந்தை புலப்படும். எம்.ஜி.ஆர். காலத்து மூன்று தேர்தல்களில் இரட்டை இலையில் வென்றவர், அச்சின்னம் முடக்கப்பட்ட 1989-இல் ஜெயலலிதா அணியின் சேவல் சின்னத்தில் வென்றார். ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி 234 இடங்களில் 225-ஐக் கைப்பற்றிய 1991-இல் அக்கூட்டணிக்கு எதிராக நின்று வென்றார், அதே அ.தி.மு.க. நான்கே இடங்களுக்குச் சுருங்கிப்போன 1996-இல் மீண்டும் அதன் வேட்பாளராக நின்று, அந்த நால்வரில் ஒருவரானார்.

இதை வாக்காளரின் அறியாமை என்றோ சாதிக் கணக்கு என்றோ ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அது அம்மக்களுக்கு இழைக்கும் அநீதி என்பதோடு, அரசியல் நம்பிக்கை மனிதருக்குள் எப்படி வேர்பிடிக்கிறது என்ற கேள்வியையும் மூடிவிடுகிறது. கடந்த இருபது ஆண்டுகளாக நரம்பியல், அதாவது மூளையையும் நரம்புகளையும் ஆராயும் துறை, இக்கேள்விக்கு விடை தேடி வருகிறது.

அவ்விடைகளுள் அதிகம் பேசப்பட்டது 2011-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ரியோட்டா கனாய் குழுவினர் வெளியிட்டது. 90 இளைஞர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்த அவர்கள், தங்களைப் பழமைபேணுவோர் என்று சொல்லிக்கொண்டவர்களிடம் வலப்பக்க அமிக்டலா சற்றுப் பெரிதாகவும், தாராளவாதிகளிடம் முன் சிங்குலேட் புறணி பெரிதாகவும் இருக்கக் கண்டனர். அமிக்டலா என்பது அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய, பாதாம் பருப்பு வடிவச் சிறு பகுதி; முன் சிங்குலேட் புறணி முரண்பாடுகளைக் கண்காணிக்கும் பகுதியாகக் கருதப்படுவது. நெதர்லாந்தில் 928 பேரிடம் இதே சோதனையைச் செய்து 2024-இல் வெளியிட்டபோது அமிக்டலாவின் தொடர்பு மிக மெல்லியதாகவே எஞ்சியது. மற்றது தென்படவே இல்லை. எஞ்சியதிலும் மூளையின் அமைப்பு கருத்தை உருவாக்கியதா, கருத்தோடு வாழ்ந்த வாழ்க்கை மூளையை வடித்ததா என்பது தெளிவாகவில்லை.

தமிழ் வாசகருக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பழமைபேணுவோர், தாராளவாதி என்ற இரு முனை அளவுகோல் இங்குள்ள அரசியலுக்குப் பொருந்துவதில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்ளும் ஒருவர் பெரியார் வழிவந்த கட்சிக்கு வாக்களிப்பதில் முரண் எதையும் காண்பதில்லை. இரு பெரும் திராவிடக் கட்சிகளும் இடஒதுக்கீட்டையும் நலத்திட்டங்களையும் ஒன்றுபோலவே உரிமை கொண்டாடுகின்றன. அறந்தாங்கிக்கு உதவக்கூடிய ஆய்வுகள் கருத்தின் நிறத்தைத் தேடியவை அல்ல, பற்றின் தன்மையைத் தேடியவை.

ஜோனஸ் காப்ளனும் அவருடைய சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அத்தகையது. உறுதியான அரசியல் கருத்துடைய 40 அமெரிக்கர்களிடம், அவர்கள் நம்பும் அரசியல் கூற்றுகளையும், மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்பது போன்ற அரசியல் சாராத கூற்றுகளையும் மறுக்கும் வாதங்கள் முன்வைக்கப்பட்டன; அப்போது அவர்களின் மூளையில் ஏற்படும் குருதியோட்ட மாற்றங்கள் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. கருவியால் பதிவு செய்யப்பட்டன. எடிசனை அவர்கள் எளிதில் விட்டுக்கொடுத்தனர், அரசியலில் அதிகம் அசையவில்லை. அரசியல் நம்பிக்கை தாக்கப்பட்டபோது கூடுதலாக இயங்கியது, மனிதர் தம்மைப் பற்றிச் சிந்திக்கும்போது இயங்கும் இயல்புநிலை வலைப்பின்னல் எனப்படும் பகுதித் தொகுப்பு. கட்சியை மறுக்கும் வாதத்தை மூளை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் 'நான் யார்' என்பதன் மீதான கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறது என்பது இதன் பொருளாகலாம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவில் ஆய்வு நடத்திவரும் வி.எஸ். ராமச்சந்திரனின் கருதுகோள் ஒன்று இங்கே துணைசெய்யும், அவர் அதை அரசியலுக்காகச் சொல்லவில்லை என்றாலும். மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் தாக்கி இடக்கை செயலிழந்தவர்களில் சிலர், தம் கை நன்றாகவே இருக்கிறது என்று மனமார வாதிடுவார்கள்; இந்நிலைக்கு அனோசோக்னோசியா என்று பெயர். மூளையின் இடப்பாதி சிறு முரண்களை ஒதுக்கி ஒரு சீரான கதையைப் பின்னிக்கொண்டே இருக்கிறது என்றும், முரண்கள் அளவு மீறும்போது அக்கதையைத் திருத்தச் சொல்லும் வேலை வலப்பாதியுடையது என்றும் அவர் விளக்கினார். நலமாக உள்ளவர்களும் அன்றாடம் இதன் மெல்லிய வடிவங்களைக் கைக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து உணர்ச்சியே தீர்ப்பைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டுவது தவறாகும். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி சிதைந்த நோயாளிகளை ஆராய்ந்த அன்டோனியோ டமாசியோ, அறிவுத்திறன் சற்றும் குன்றாத நிலையிலும் உணர்ச்சியின் வழிகாட்டுதலை இழந்ததால் அவர்களால் சிறு முடிவுகளைக்கூட எடுக்க இயலாமற்போனதை 1994-இல் எழுதிய நூலில் காட்டினார். பற்று இல்லாத தூய பகுத்தறிவோடு வாக்குச்சாவடிக்குள் நுழையும் குடிமகன் எங்கும் இல்லை.

ஆகவே 1991-ஆம் ஆண்டின் அறந்தாங்கி வாக்காளர், சின்னம் எட்டாத ஓரிடத்தில் தம் பற்றை வைத்திருந்தார் என்று ஊகிக்கலாம். அறிந்த முகம், அணுகக்கூடிய ஆள், பல ஆண்டுப் பழக்கம் ஆகியவை சேர்ந்த நம்பிக்கை ஓர் அடையாளமாக இறுகியபோது, கட்சி மாற்றம் என்ற முரணை அவர் தம் கதைக்குள் சேர்த்துக்கொண்டிருக்கக்கூடும். ஆயினும் அடையாளம் என்றைக்கும் உருகாத ஒன்றன்று. 2016-இல் அதே தொகுதி திருநாவுக்கரசரின் மகன் ராமச்சந்திரனைத் தோற்கடித்தது, 2021-இல் காங்கிரஸின் கை சின்னத்தில் அவரை வெற்றிபெறச் செய்தது. இவ்விரு தேர்தல்களுக்கும் இடைப்பட்ட மாற்றத்தை எந்த ஸ்கேன் படமும் சொல்லாது. கூட்டணிக் கணக்கும் ஐந்தாண்டு வரலாறும்தான் சொல்லும்.

ஒரு மூளைப் பகுதி இயங்குவதைக் கொண்டு இன்ன உணர்ச்சிதான் எழுந்தது என்று பின்னோக்கிக் கணிப்பது பிழையான முறை என்று நரம்பியலாளர்களே எச்சரிக்கிறார்கள், ஏனெனில் ஒரே பகுதி பல வேலைகளில் ஈடுபடுகிறது. இந்தியச் சட்டம் இவ்வெச்சரிக்கைக்கு அரண் சேர்த்திருக்கிறது. ஒருவரின் ஒப்புதலின்றி அவருக்கு மூளை மின்னலைச் சோதனை நடத்தக் கூடாது என்று குற்றப் புலனாய்வு தொடர்பான செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்தது. யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லும்படி எந்தச் சாட்சியையும் கேட்கக் கூடாது என்கிறது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு. தேர்தல் பிரசாரத்துக்கு மூளையளவைக் கருவிகள் வந்துசேரும் நாளில் இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.