குணமாகலைன்னா விசுவாசம் குறைவா?

‘நல்லா ஜெபம் பண்ணு, சரியாயிடும்!’

ஒரு வாரக் காய்ச்சலுக்கு இந்த வார்த்தை தெம்பு தரும். ஆனா லூபஸ், முடக்குவாதம், டயாலிசிஸ் என்று வருஷக்கணக்கில் நோயோடு வாழ்பவர்களுக்கு? ‘இவ்வளவு ஜெபிச்சும் குணமாகலையே... எனக்குத்தான் விசுவாசம் பத்தலையோ’ என்ற குற்ற உணர்ச்சி, சில நாள் நோயைவிட அதிகமா வலிக்கும்.

அந்தப் பாரத்தை இறக்கி வைக்க பைபிளே உதவும்.

பவுலுக்கும் ‘நோ’தான்!

தன் உடம்பில் முள்போல் குத்திக்கொண்டிருந்த ஒரு வேதனையை நீக்கச் சொல்லி பவுல் மூன்று முறை வேண்டினார். அது நீங்கவில்லை. அதைத் தாங்கப் போதுமான கிருபை இருக்கிறது என்ற பதில்தான் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

டோனாவூரில் ஒரு அறை

நம்ம திருநெல்வேலிப் பக்கமே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. அயர்லாந்தில் பிறந்து, 1895-ல் இந்தியா வந்து, டோனாவூரில் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர் ஏமி கார்மைக்கேல். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டவர், அதன் பிறகு முழுசாகத் தேறவே இல்லை. 1951-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் தன் அறையிலேயே வலியோடு கழித்தார்.

ஆனா, படுக்கையில் இருந்தபடியே எழுதினார். நோயாளிகளுக்காக ஆரோக்கியமானவர்கள் எழுதும் ஆறுதல் மனசைத் தொடுவதில்லை என்பது அவர் அனுபவம். அதனால், நோயாளி நோயாளிக்கு எழுதுவதுபோல 1933-ல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற புத்தகத்தைக் கொடுத்தார். உடம்பு குணமாகலை, ஆனா வாழ்க்கைக்கு அர்த்தம் இருந்தது. ஆன்மிக நலம் என்பது இதுதான்.

நீங்க என்ன செய்யலாம்?

* அழுது ஜெபிக்கலாம்: சங்கீதங்களில் பல, புலம்பல்கள்தான். 88-ம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. கடவுள்கிட்ட கோபப்படுவதும் ஒரு ஜெபம்தான்.

* சின்னதாக ஜெபிக்கலாம்: முடியாத நாளில் ஒரு மணி நேரம் முழங்கால் போட வேண்டாம். மூச்சை இழுத்துவிடும்போது ‘இயேசுவே, கூட இரும்’ என்று சொன்னாலே போதும்.

* மாத்திரையை நிறுத்தாதீங்க: பவுலின் நண்பரும், நற்செய்தி எழுதியவருமான லூக்கா ஒரு மருத்துவர்! மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் இல்லை. மனச்சோர்வு நீடித்தால் அதற்கும் டாக்டரைப் பாருங்கள்.

* கேட்டு வாங்குங்க: சர்ச்சுக்குப் போக முடியலையா? திருவிருந்தை வீட்டுக்கே கொண்டு வருமாறு போதகரிடம் கேளுங்கள். கத்தோலிக்கர்களுக்கு ‘நோயில் பூசுதல்’ உண்டு. அது மரணப் படுக்கைக்கு மட்டுமானது இல்லை. கடுமையான நோயில் இருப்பவர்கள் தேவைப்பட்டால் திரும்பவும் பெறலாம்.

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாயே திறக்காமல் அவர்கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்தது. ‘நீ என்ன பாவம் செஞ்ச?’ என்ற ரீதியில் பேச ஆரம்பித்த பிறகுதான் காயப்படுத்தினார்கள்.

அதனால, அடுத்த முறை நோயில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போனால், ‘சரியாயிடும்’ என்று சொல்ல அவசரப்படாதீங்க. ‘இன்னைக்கு எப்படி இருக்கு?’ன்னு கேளுங்க. பதில் வரும்வரை பக்கத்துலயே உட்காருங்க!