குப்பைக் காகிதத்தில் ஒரு தாயின் கணக்கு

"எழுத்தெல்லாம் படித்தவர்களுக்கு. அடுப்படிக்கும் வேலைக்காட்டுக்கும் நடுவே நமக்கேது நேரம்?" என்று பெருமூச்சு விடும் தாய்மார்கள் உண்டு. பிரேசில் நாட்டுக் கரோலினா மரியா டி ஜீசஸ் அம்மையாரின் கதையை அவர்கள் அறிய வேண்டும்.

1914-ஆம் ஆண்டு பிறந்த கறுப்பினப் பெண்மணி அவர். பள்ளிக்கூடம் போனது ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். சாவோ பாவ்லோ நகரில், கனின்டே என்ற புறம்போக்குக் குடிசைப் பகுதியில், கணவர் துணையின்றி மூன்று பிள்ளைகளை வளர்த்தார். காலையில் தண்ணீர்க் குழாயடியில் வரிசை. பிறகு தெருத்தெருவாகப் பழைய காகிதமும் இரும்பும் பொறுக்குவார். அதை விற்ற காசில்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

குப்பையில் எழுதப்படாத தாள்கள் கிடைத்தால், அவற்றை எடுத்து வைத்து நாட்குறிப்பு எழுதினார். 1955 ஜூலை 15-ஆம் நாள் மகளின் பிறந்தநாள். புதுக் காலணி வாங்கக் காசில்லை. குப்பையில் கிடைத்த ஒரு ஜோடியைக் கழுவிச் சீர்செய்து மகளுக்கு அணிவித்தார். அன்றைய குறிப்பில் அதைத்தான் எழுதினார்.

அவர் எழுத்தில் அலங்காரம் கிடையாது. இன்று கிடைத்த காசு எவ்வளவு, ரொட்டி என்ன விலை, பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்ற கணக்குத்தான். அந்தக் கணக்கே ஒரு நாட்டின் பசியை உலகுக்குக் காட்டியது. 1958-இல் அங்கு வந்த பத்திரிகை நிருபர் ஆவுடாலியோ டான்டாஸ் அதைப் படித்து வியந்தார். 1960-இல் நூலாக வந்தது. வேண்டாத சாமான் போடும் அறை என்பது அதன் தலைப்பின் பொருள். பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது.

குடிசை போய்ச் செங்கல் வீடு வந்தது. ஆனால் புகழும் பணமும் நிலைக்கவில்லை. 1977-இல் வறுமையிலேயே அவர் கண்மூடினார். அந்தப் பிறந்தநாள் மகளோ வளர்ந்து ஆசிரியையானார். தாயின் எழுத்து இன்றும் படிக்கப்படுகிறது.

நம் தோட்டங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தூங்கும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, இருட்டிலே பெரட்டுக்கு ஓடினாளே ஒரு தாய்! அவள் வேலைக்கு வந்த நாளைச் செக்ரோலில் எழுதினார்கள். அவள் மனம் பட்ட பாட்டை எந்த ஏட்டில் எழுதினார்கள்?

தாய்மார்களே, பிள்ளையின் பழைய பள்ளிப் புத்தகத்தில் மிச்சமிருக்கும் நாலு பக்கம் போதும். இன்று என்ன சமைத்தீர்கள், பிள்ளை எதைக் கேட்டது, எதை வாங்கித் தர முடியவில்லை என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும்.