வாங்கிய டிவியில் பாதிதான் தெரிகிறது

டிவி கடைச் சுவரில் எல்லாப் படமும் அழகாகத்தான் இருக்கும். பஞ்சவர்ணக்கிளி சிறகு விரிக்கும், தேன் சொட்டும், இரவு நகரத்துக்கு மேலே கேமரா பறக்கும். கடைக்காகவே எடுக்கப்பட்ட படங்கள் அவை. கடைக்குள் விளக்கு வெளிச்சம் அதிகம் என்பதால் டிவிகளையும் ‘ஷாப் மோட்’ அமைப்பில் வைத்திருப்பார்கள்; வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் நிற்கும். வீட்டில் யாரும் கிளி பார்ப்பதில்லை. மாலையில் சீரியல், விடுமுறையில் கிரிக்கெட், இரவு விளக்கை அணைத்துவிட்டு ஒரு சினிமா. இந்த மூன்றையும் ஒரு டிவி எப்படிக் காட்டும் என்பதைக் கடைச் சுவர் சொல்லாது.

சுமார் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை எடுத்து வைத்திருப்பவர்களுக்குத்தான் குழப்பம் அதிகம். அதற்கு மேல் போனால் பணமே பல குறைகளைத் தீர்த்துவிடும். நடுவில் நிற்பவர்கள் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று கணக்குப் போட்டாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இன்று இந்த விலைக்குள் 43 அங்குலம் மட்டுமல்ல, 55 அங்குலமும் கிடைக்கிறது. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியபோது அதன் திரை 14 அங்குலம்தான்.

திரை வளர்ந்த அளவுக்கு அதைப் பயன்படுத்தும் முறை வளரவில்லை. ஒரு நடுத்தர விலை டிவியின் படம் நன்றாக இருக்குமா என்பது கடையில் பாதிதான் முடிவாகிறது. எவ்வளவு தூரத்தில் மாட்டுகிறார்கள், எந்த ஒயர் வழியாகப் படம் வருகிறது, எந்த அமைப்பில் ஓடுகிறது என்பதெல்லாம் வீட்டில் முடிவாகிறவை. அந்தப் பாதியைத்தான் பல வீடுகள் கவனிப்பதே இல்லை.

முதலில் அளவு. டிவியின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளந்தது. 55 அங்குல டிவியின் திரை ஏறக்குறைய நான்கடி அகலமும் இரண்டேகால் அடி உயரமும் இருக்கும். உட்காரும் இடத்துக்கும் திரைக்கும் இடையே 43 அங்குலத்துக்கு ஆறடி, 55 அங்குலத்துக்கு ஏழரை அடி, 65 அங்குலத்துக்கு ஒன்பதடி என்பது சினிமா பார்க்க வசதியான தூரம். நம் வீட்டு ஹாலில் சோபா பெரும்பாலும் எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடக்கும்; எட்டு அல்லது பத்தடி தள்ளி. பத்தடிக்கு அப்பாலிருந்து 43 அங்குலத் திரையைப் பார்ப்பவருக்கு அது 4கேயா, முழு ஹெச்.டி.யா என்ற வித்தியாசம் கண்ணுக்கே எட்டாது. அந்த நுணுக்கத்துக்குக் கொடுத்த காசு காற்றோடு போகும். கடைக்குக் கிளம்பும் முன் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, நான்கடிக்கு இரண்டேகால் அடி அளவில் சுவரில் ஒரு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். ‘இவ்வளவு பெரிசா’ என்ற பயம் பெரும்பாலும் மாலைக்குள் போய்விடும்.

அடுத்தது, பெட்டி மேல் ஒட்டியிருக்கும் பெயர்கள். 4கே என்பது இந்த விலையில் எல்லா டிவியிலும் இருக்கிறது. அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. க்யூ.எல்.இ.டி. என்றால் வேறு வகைத் திரை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் எல்.இ.டி. டிவிதான், பின்விளக்குக்கும் திரைக்கும் நடுவே குவாண்டம் புள்ளிகள் எனப்படும் மிக நுண்ணிய துகள்கள் கொண்ட ஒரு படலம் கூடுதலாக இருக்கும். இந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகத்தான் மூங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்ஸி எக்கிமோவ் மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பும் பச்சையும் இதனால் செறிவாகத் தெரியும். கறுப்பு அதனால் கறுப்பாகாது. தேவைப்படும் இடத்தில் ஒவ்வொரு புள்ளியும் தானே அணைந்து முழுக் கறுப்பைக் காட்டுவது ஓ.எல்.இ.டி.; அது வேறு வகை, விலையும் வேறு.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் ஹெச்.டி.ஆர்., டால்பி விஷன் என்ற பெயர்களிலும் கவனம் வேண்டும். அந்த வகைப் படத்தை டிவி வாங்கிக்கொள்ளும் என்பதற்குத்தான் அந்த முத்திரை உறுதி. அதை உள்ளபடி காட்ட வெளிச்சம் வேண்டும். ஹெச்.டி.ஆர். படங்களைப் பெரும்பாலும் 1000 நிட் அல்லது அதற்கும் மேலான வெளிச்சத்தை மனத்தில் வைத்துத் தயாரிக்கிறார்கள். விலை குறைந்த 55 அங்குல டிவிகள் பல 300 நிட் பக்கமே நின்றுவிடும். நிட் அளவை எழுதாத டிவியைவிட எழுதியிருக்கும் டிவியை நம்பலாம். ‘லோக்கல் டிம்மிங்’, அதாவது படம் இருளும் பகுதியில் மட்டும் பின்விளக்கைத் தணிக்கும் வசதி உண்மையாகவே இருந்தால், அதற்குச் சில ஆயிரம் கூடக் கொடுப்பதில் தவறில்லை.

பேனல் வகைதான் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. ஐ.பி.எஸ். பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு அதில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்றுதான். இருட்டுக் காட்சி சாம்பல் பூத்தது போலிருக்கும். வி.ஏ. பேனலில் அது மூவாயிரம், ஐயாயிரத்துக்கு ஒன்று என்று போகும். கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு நிறம் வெளுக்கும். ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டுக் குடும்பத்துக்கு முதலாவது பொருந்தும். இரவில் நேரெதிரே உட்கார்ந்து படம் பார்ப்பவர்களுக்கு இரண்டாவதுதான். ஒரே மாடலில் 43 அங்குலத்துக்கு ஒரு பேனல், 55 அங்குலத்துக்கு வேறு பேனல் என்றும் வருவதுண்டு. பக்கத்து வீட்டில் பார்த்தது நன்றாக இருந்தது என்பதை மட்டும் நம்பி வேறு அளவில் வாங்கக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் யாரும் வேண்டாம், ஒரு பென் டிரைவ் போதும். இரவுக் காட்சி நிறைய உள்ள ஒரு வீடியோவை அதில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

“சார், இது க்யூ.எல்.இ.டி. சார். கலர் அள்ளும்” என்பார் விற்பனையாளர்.

“இருக்கட்டும் தம்பி. ஷாப் மோடை எடுத்துட்டு ஹோம் மோட் வைப்பா. இந்த பென் டிரைவைப் போடு.”

நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையைப் பாருங்கள்: அது கறுப்பா, சாம்பலா? திரையின் நான்கு மூலைகளிலும் வெளிச்சம் கசிகிறதா? பிறகு சோபாவின் ஓரத்தில் உட்காரும் பாட்டி எந்தக் கோணத்தில் பார்ப்பாரோ, அந்த இடத்துக்கு நடந்து போய் நின்று முகங்களின் நிறத்தைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். பெட்டி மேலிருக்கும் எந்த முத்திரையும் இவ்வளவு சொல்லாது.

டிவிக்குள் இருக்கும் மென்பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கூகுள் டிவியோ, சாம்சங்கின் டைசனோ, எல்ஜியின் வெப்ஓஎஸ்ஸோ எதுவாக இருந்தாலும் சில ஆண்டுகளில் மெதுவாகத்தான் போகும். அப்போது சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகினால் வேகம் திரும்பிவிடும். பேனலை அப்படி மாற்ற முடியாது. ரிமோட்டில் கிளிக் செய்தவுடன் திறக்கும் டிவி, நல்ல கறுப்பைக் காட்டும் டிவி இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், இரண்டாவதை எடுப்பதே சரி. அதேபோல 120 ஹெர்ட்ஸ், அதாவது திரை விநாடிக்கு 120 முறை படத்தை மாற்றும் வேகம், புதிய கேம் கன்சோல் வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் பெரிதாகப் பயன்படும்.

டிவி வீட்டுக்கு வந்துவிட்டது. பெரிய இழப்பு இனிமேல்தான் நடக்கிறது.

பல வீடுகளில் 4கே டிவியின் முதுகில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் கொண்ட பழைய ஏ.வி. ஒயர்தான் செருகியிருக்கும். பழைய டிவியைக் கழற்றியபோது தொங்கிய அதே ஒயர். அதன் வழியாக ஹெச்.டி. படம் வரவே வராது. நம் நாட்டுச் சாதாரண எஸ்.டி. சேனலின் படம் 720க்கு 576, அதாவது சுமார் நான்கு லட்சத்துப் பதினைந்தாயிரம் புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். கணக்குப் போட்டால் சரியாக இருபது மடங்கு. வந்த ஒவ்வொரு புள்ளியையும் டிவி இருபதாக்கி நிரப்பியாக வேண்டும். ஒரு கரண்டி மாவைப் பெரிய தோசைக்கல் முழுக்க இழுத்தால் எப்படியோ அப்படித்தான் படமும் இருக்கும். ‘புது டிவியில பழைய டிவி அளவுக்குக்கூடத் தெளிவில்லையே’ என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. டிவி மேல் குற்றமில்லை.

தீர்வு எளிது. கேபிள்காரரிடமோ டிஷ் நிறுவனத்திடமோ ஹெச்.டி. செட்டாப் பாக்ஸ் கேட்டு வாங்கி, ஹெச்.டி.எம்.ஐ. ஒயரில் இணைக்க வேண்டும். பாக்ஸின் செட்டிங்ஸுக்குள் போய் வெளியீட்டை 1080 என்று மாற்ற வேண்டும், ஹெச்.டி. பாக்ஸ் இருந்தும் 576இலேயே ஓடும் வீடுகள் உண்டு. முகங்கள் அகலமாகத் தெரிந்தால் படத்தை இழுத்து நிரப்பும் அமைப்பை நிறுத்திவிடலாம். ஓ.டி.டி.யிலும் இதே கதைதான். நெட்ஃபிளிக்ஸில் 4கே படம் பிரீமியம் திட்டத்தில் மட்டுமே வரும். அதற்கு விநாடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும், மணிக்கு 7 ஜிபி வரை டேட்டா செலவாகும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ரௌட்டர் ஒரே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைப்பது நல்லது.

பிறகு அமைப்புகள். முதன்முறை இயக்கும்போது ‘கடையா, வீடா’ என்று டிவியே கேட்கும். வீடு என்று கொடுக்க வேண்டும். ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ அமைப்பிலிருந்து ‘சினிமா’, ‘மூவி’, ‘ஃபிலிம்மேக்கர்’ இவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் முகம் முகத்தின் நிறத்துக்கு வரும். முதலில் மஞ்சளடித்தது போலத் தோன்றும். ஒரு வாரம் பொறுத்தால் கண் பழகிவிடும், அதன் பிறகு பழைய நீல வெளுப்பைப் பார்க்கவே பிடிக்காது. ‘ஷார்ப்னெஸ்’ஸைப் பூஜ்யத்துக்கு அருகே இறக்கலாம், அது புதிதாகத் தெளிவு எதையும் தருவதில்லை, உருவங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போடுகிறது. பகலில் வெளிச்சம் போதாவிட்டால் ‘பேக்லைட்’டைத்தான் கூட்ட வேண்டும். பல டிவிகளில் ‘பிரைட்னெஸ்’ என்பது கறுப்பின் அளவை மாற்றுவது. அதைக் கூட்டினால் இருட்டெல்லாம் சாம்பலாகும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். சினிமா விநாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. நடுவே இல்லாத படங்களை டிவியே கற்பனை செய்து நிரப்பி அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று பல டிவிகளில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று பெயர். கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் இதனால் ஸ்டுடியோவில் எடுத்த சீரியல் போலத் தெரியும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ அறிவிக்கப்பட்டது. அதைத் தேர்ந்தெடுத்தால் இந்த வசதி தானாக நின்றுவிடும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ஒலியில் இந்த விலை டிவிகள் எல்லாமே பலவீனம்தான். உடல் மெலிந்துவிட்டதால் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழே பார்த்தபடி இருக்கின்றன. பாட்டு கேட்கும், வசனம் புரியாது. ஓ.டி.டி.யில் 5.1 ஒலிக்குப் பதில் சாதாரண ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்தாலே வசனம் ஓரளவு மேலே வரும். ஐம்பதாயிரம் ரூபாயையும் டிவியிலேயே போடாமல், ஆறேழாயிரத்தை ஒரு சவுண்ட்பாருக்கு ஒதுக்குவதே நல்ல முடிவு. அதை ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதியிருக்கும் ஹெச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

திரையை ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். கதவு உயரத்துக்கும் ஏற்றாதீர்கள். உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வந்தால் கழுத்து வலிக்காது, நிறமும் வெளுக்காது. ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போது மின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. கேபிள் அல்லது டிஷ் ஒயர், இன்டர்நெட் ஒயர் வழியாகவும் மின்னல் தாக்கும். துடைக்க உலர்ந்த மெல்லிய துணி போதும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரையில் அடித்தால் மேல்பூச்சு கெடும்.

வாரன்டி எத்தனை ஆண்டு என்று மட்டும் கேட்காமல், பேனலுக்கு எத்தனை ஆண்டு, சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று கேளுங்கள். பேனல் போனால் அதை மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும். டிவியைப் பொருத்த ஆள் வரும்போது வீட்டில் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். அவர் கிளம்புவதற்கு முன்பே திரையில் புள்ளி, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, உயரத்தைச் சரிசெய்து, ஹெச்.டி.எம்.ஐ. ஒயரை மாட்டச் சொல்லி, வீட்டு அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். சுவரில் துளை போட்ட பிறகு இவற்றுக்காக அவரை மறுபடி வரவழைப்பது கடினம்.