உயிலும் பிள்ளைகளின் காப்பும்

‘உயில்’ என்பது தமிழ்ச்சொல் அன்று. ஆங்கிலச் சொல் தமிழர் நாவில் உருமாறி வந்தது. சொல் வந்து நெடுங்காலம் ஆகியும், தோட்டப்புறத்து இல்லங்கள் பலவற்றில் உயில் எழுதும் வழக்கம் இன்னும் குடிபுகவில்லை. நிலபுலம் உடையவர்க்கே அது வேண்டும் என்பது பலரது எண்ணம். சிறு பிள்ளைகளை உடைய எவர்க்கும் அது வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வார் இல்லை. தந்தை இறந்த வாரத்திலேயே, பள்ளிப் படிவத்தில் யார் கையெழுத்திடுவது என்னும் வினா வகுப்பாசிரியரின் மேசைக்கு வந்துவிடுகிறது. ஆதலின் ஆசிரியர்கள் இதனை அறிந்திருத்தல் நலம். ஈண்டுக் கூறப்படுவன தீபகற்ப மலேசியாவில் வாழும் முஸ்லிம் அல்லாதார்க்கு உரியவை. முஸ்லிம்களுக்கு வேறு விதிகள் உண்டு.

உயில் எழுதாது ஒருவர் இறப்பின், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் அவரது சொத்தைப் பிரித்து வைக்கிறது. 1997-இல் திருத்தப்பெற்ற அச்சட்டப்படி, மனைவி, மக்கள், பெற்றோர் ஆகிய மூவகையினரும் இருந்தால் மனைவிக்குக் காற்பங்கு, பெற்றோர்க்குக் காற்பங்கு, மக்களுக்கு அரைப்பங்கு. தோட்டத்தை விட்டு வந்து பட்டணத்து ஓரத்தில் 120,000 வெள்ளி பெறுமான வீடொன்றை வாங்கியவர், மனைவியையும் இரு குழந்தைகளையும் முதிய பெற்றோரையும் விட்டு இறந்தார் என்று கொள்வோம். மனைவிக்கு 30,000, பெற்றோர்க்கு 30,000, குழந்தைகளுக்குத் தலைக்கு 30,000. கணக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இருப்பதோ ஒரே வீடு! குழந்தைகள் வயது வராதவர்கள் ஆகையால் அச்சொத்தை நிருவகிக்க ஒருவர் போதாது; இருவரேனும் வேண்டும், அல்லது அமானா ராயா போன்ற அறக்காப்பு நிறுவனம் வேண்டும். கணவனை இழந்த பெண் அலுவலகப் படிகளை ஏறி இறங்குவது இப்படித்தான் தொடங்குகிறது.

இனிக் காப்பாளரைப் பற்றியது. நம் வழக்கில் பெரியப்பாவோ தாய்மாமனோ முன்வந்து பொறுப்பேற்பார். அது போற்றத்தக்க வழக்கமே. எனினும் உறவுமுறை ஒன்றினாலேயே ஒருவர் சட்டப்படி காப்பாளர் ஆகிவிடமாட்டார். 1961-ஆம் ஆண்டுச் சிறார் காப்பாளர் சட்டப்படி, பெற்றோருள் ஒருவர் இறந்தால் எஞ்சியவரே காப்பாளர். முன்னாளில் தந்தைக்கே முதன்மை இருந்தது. 1999-இல் செய்த திருத்தம் தாய்க்கும் ஒத்த உரிமை தந்தது. தாய் தந்தை இருவருமே தத்தம் இறப்பிற்குப் பின் காப்பாளராக இருக்க வேண்டியவரை உயிலினாலோ வேறு பத்திரத்தினாலோ குறிக்கலாம். இருவரும் ஒருசேர மாண்டு, எவரையும் குறிக்காது போயிருந்தால், நீதிமன்றம் குழந்தையின் நலனை முதன்மையாகக் கருதி ஒருவரை நியமிக்கும். அதற்குள் இரு குடும்பத்தாரும் குழந்தையை நடுவில் வைத்து இழுப்பதைக் கண்ட ஆசிரியர்கள் உளர்.

யாரைக் குறிப்பது? எழுபது வயதுப் பாட்டியின் அன்பில் குறையில்லை; ஆனால் ஐந்து வயதுக் குழந்தை வளர்ந்து ஆளாக இன்னும் பல்லாண்டு வேண்டும். குறிக்கப்படுபவரை முன்னரே கேட்டு இசைவு பெறுதல் வேண்டும். அவர் இயலாது போனால் அடுத்தவர் யார் என்பதையும் எழுதி வைத்தல் நன்று. வளர்ப்பவர் ஒருவரும் பணத்தைக் காப்பவர் வேறொருவருமாக அமைத்தலும் உண்டு. சொத்துக்குக் காப்பாளராக இருப்பவர், நீதிமன்ற இசைவின்றிப் பிள்ளையின் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது.

உயில் எழுதும் முறை கடினம் அன்று. பதினெட்டு வயது நிரம்பியவர், தெளிந்த மனத்தோடு, எழுத்தில் அமைத்து, இரு சாட்சிகள் ஒருங்கே இருந்து காண, முடிவில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உயிலால் பயன் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நின்றால் அவர்க்குரிய பங்கு போய்விடும். சாட்சிக்கு ஆசிரியரை அழைப்பது நம்மிடை வழக்கம் ஆகையால், இதை மறவாதிருத்தல் வேண்டும். மணத்திற்கு முன் எழுதிய உயில், அம்மணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டதாக இல்லாவிடில், மணத்தோடு செல்லாததாகிவிடும்.

ஊழியர் சேமநிதியின் கதை வேறு. அங்குப் பெயர் குறித்திருந்தால் பணம் அவர்க்கே போகும். உயிலில் வேறு விதமாக எழுதி அதனை மாற்ற இயலாது. வேலைக்குச் சேர்ந்த நாளில் அண்ணன் பெயரைக் கொடுத்தவர், மணமாகி மூன்று பிள்ளைகள் பெற்ற பின்னும் அதை மாற்றாதிருப்பது மிகுதி. மணம் ஆனதனாலேயே அப்பெயர் தானாக மாறிவிடுவதில்லை.

இவை எல்லாவற்றினும் கொடியது மணப்பதிவு இன்மை. 1982 மார்ச் 1-க்குப் பின் கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, மணத்தைப் பதியாதவர் இன்னும் உளர். ஊரறிந்த மனைவி, சட்டத்தின் முன் மனைவி என்று நிலைநாட்ட இயலாது நிற்கிறாள். அவள் வயிற்றுப் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்கு உள்ளாகிறது. பதிவு பெறாது எடுத்து வளர்த்த பிள்ளையின் நிலையும் ஏறத்தாழ அதுவே. எத்தனை ஆண்டு மகனாய் வளர்ந்தாலும் பங்கீட்டுச் சட்டத்தில் அவனுக்குப் பங்கில்லை. இத்தகைய பிள்ளைக்கும், உயிலில் பெயர் சொல்லிக் கொடுத்தால் கொடுத்தது கிடைக்கும். மணத்தை இப்போதேனும் பதிய விரும்புவோர், இருவரும் தத்தம் அடையாள அட்டையுடன் தேசியப் பதிவு இலாகாவிற்குச் சென்று கேட்கலாம்.