அம்மாவுக்கு அப்போது என்ன வயசு?

சென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காக நின்று பழகியவர்களுக்கு இருபது நிமிடம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் அல்சைமர் மறதிநோயின் புரதத் திட்டுகளைத் தெளிவாகக் காட்டிய மருந்தின் அரை ஆயுள் அவ்வளவுதான். அதில் இருப்பது கார்பன்-11. இருபது நிமிடத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும், அடுத்த இருபதில் மிச்சமும் பாதி. சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் தயாரித்த கையோடு ஊசியில் ஏற்றிவிட வேண்டும். வழியில் ஒரு கேட் மூடினால் போயிற்று.

பிட்ஸ்பர்க் காம்பவுண்ட்-பி என்பது அந்த மருந்தின் பெயர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளங்க், செஸ்டர் மேத்திஸ் இருவரும் அதை உருவாக்கினார்கள். அதுவரை பெரும்பாலும் நோயாளி இறந்த பிறகு மூளையை மெல்லியதாகச் சீவி, தயோஃப்ளேவின் என்ற சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அமிலாய்டு புரதத் திட்டுகள் தெரியும். அந்தச் சாயத்தின் மூலக்கூறில் மின்னூட்டத்தை நீக்கி, ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும்படி மாற்றினார்கள். 2002-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளிக்கு முதலில் செலுத்தப்பட்டது. புற்றுநோய்க்கு எடுக்கிறார்களே, அதே பெட் ஸ்கேன் கருவிதான் படத்தையும் எடுத்தது. பிறகு ஃப்ளோரின்-18 சேர்த்த மருந்துகள் வந்தன. அவற்றின் அரை ஆயுள் 110 நிமிடம் என்பதால் ஊருக்குள் வண்டியில் கொண்டுபோக முடிந்தது.

ஆனால் கருவி மட்டும் போதவில்லை. மறதி முற்றி மருத்துவரிடம் வருபவரின் மூளையில் திட்டுகள் ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஆரம்பத்தைப் பார்க்க வேண்டுமானால், நோய் வரப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடிய குடும்பங்கள் உலகில் சில இருக்கின்றன.

ஏபிபி, பிரிசெனிலின்-1, பிரிசெனிலின்-2 என்ற மூன்று ஜீன்களில் ஏதாவதொன்றில் குறிப்பிட்ட பிழை இருந்தால், அல்சைமர் கிட்டத்தட்ட நிச்சயம். பெரும்பாலும் முப்பதுகளிலிருந்து ஐம்பதுகளுக்குள் வந்துவிடும். மொத்த அல்சைமர் நோயாளிகளில் இவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பாட்டிக்கு எண்பதில் வந்த மறதி இந்த வகை அல்ல, பேரப்பிள்ளைகள் பயப்பட வேண்டாம். நம் பக்கத்தில் “சொந்தத்துல கட்டினதால வந்தது” என்று எதற்கும் பழி போடுவார்கள். இதற்கு அது பொருந்தாது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் பிழை இருந்தாலே போதும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இன்னொரு விசித்திரம், பெற்றவருக்கு எந்த வயதில் தொடங்கியதோ ஏறக்குறைய அதே வயதில் பிள்ளைக்கும் தொடங்கும். 2008-இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு உருவான ‘டயன்’ என்ற கூட்டாய்வு இந்த ஒரே எண்ணை அச்சாணியாக்கிக்கொண்டது. அம்மாவுக்கு 48-இல் தொடங்கியிருந்து, மகளுக்கு இப்போது 33 என்றால், அவள் மூளைப் படத்தின் மேல் ‘மைனஸ் 15’ என்று எழுதலாம். இப்படி 128 பேரை வரிசையாக்கி ராண்டல் பேட்மன் குழு 2012-இல் வெளியிட்ட முடிவு இது: மறதி தொடங்க 25 ஆண்டுக்கு முன்பே தண்டுவட நீரில் அமிலாய்டு அளவு குறையத் தொடங்குகிறது. 15 ஆண்டுக்கு முன் ஸ்கேனில் திட்டுகள் தெரிகின்றன, மூளையும் சுருங்கத் தொடங்குகிறது. 10 ஆண்டுக்கு முன் மூளை சர்க்கரையைப் பயன்படுத்துவது குறைகிறது. வீட்டில் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்கும்போது நோய்க்கு இருபது வயது தாண்டியிருக்கும்!

ஸ்கேனுக்கு வந்து படுப்பவர்களில் பெரும்பாலோர், தங்களிடம் அந்த ஜீன் பிழை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புவதில்லை. தெரியாமலே வருகிறார்கள். இந்த ஆய்வில் என்னை அதிகம் வியக்கவைப்பது இதுதான்.

இத்தகைய குடும்பங்களில் உலகிலேயே பெரியது கொலம்பியாவின் அந்தியோகியா மலைப்பகுதியில் இருக்கிறது. சுமார் 6,000 பேர் கொண்ட உறவுக்கூட்டம். நாற்பதுகளில் வரும் மறதியை யாருமால் என்ற ஊரில் மடத்தனம் என்ற பொருளில் ‘போபேரா’ என்றார்கள், சாபம் என்றும் நம்பினார்கள். பிரான்சிஸ்கோ லொபேரா என்ற நரம்பியல் மருத்துவர் 1980-களிலிருந்து வீடு வீடாகப் போய், தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, 18-ஆம் நூற்றாண்டுவரை வம்சாவளி வரைந்தார். அந்தக் கூட்டத்திலேயே ஒரு பெண்மணி, அதே ஜீன் பிழையோடு, எழுபது தாண்டும்வரை தெளிவாக இருந்தார். பாஸ்டனில் ஸ்கேன் எடுத்தபோது அமிலாய்டு மூளையெங்கும் மிக அதிகம். ஆனால் நரம்பணுக்கள் சாவதோடு நெருங்கிய தொடர்புடைய டௌ என்ற இன்னொரு புரதம் சொற்பம்தான். ஏபிஓஇ என்ற வேறொரு ஜீனில், பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த ஓர் அரிய மாற்றம் அவரிடம் இருந்தது. 2019-இல் இது வெளியானதிலிருந்து, அமிலாய்டுக்கும் டௌவுக்கும் நடுவே உள்ள கண்ணியை அறுக்க மருந்து தேடுகிறார்கள். அமிலாய்டை மட்டும் குறிவைத்த கிரெனிசுமாப் என்ற மருந்து இதே குடும்பங்களில் சோதிக்கப்பட்டு 2022-இல் தோற்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நமக்கு அருகில், பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் 45 வயதைக் கடந்த கிராமத்தவர்களைத் திரட்டி, ரத்தம், ஜீன், எம்.ஆர்.ஐ. என்று பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. இலக்கு 10,000 பேர். ஆனால் அது முதுமையில் வரும் பொதுவான மறதியைத் தேடுவது. நாற்பதில் வருவதைத் தேடிப்போக நம்மிடம் தேவாலயப் பதிவேடும் இல்லை. துறைமுகத்திலோ பட்டறையிலோ வேலை பார்க்கும் 45 வயதுக்காரர் தடுமாறினால் குடி என்போம், டென்ஷன் என்போம், சில வீடுகளில் செய்வினை என்றும் சொல்வார்கள். சர்க்கரை யார் யாருக்கு இருந்தது என்று விரல்விட்டுச் சொல்லும் குடும்பங்கள்கூட இதைச் சொல்வதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அடுத்தடுத்த தலைமுறைகளில் அறுபதுக்கு முன்பே நினைவு தப்பியவர்கள் இருந்தால், ஒவ்வொருவருக்கும் அது எந்த வயதில் தொடங்கியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையோ, வேறு மருத்துவமனையோ, நரம்பியல் பிரிவுக்குப் போகும்போது ஸ்கேன் படங்களோடு அந்தத் தாளையும் கொடுங்கள். ஜீன் பரிசோதனை வேண்டுமா என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு. தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம்.