பழைய மோட்டார் வண்டியும் துருவும்

சுரங்கத்தில் கிடைக்கும் இரும்புக் கனிமம் பெரும்பாலும் இரும்பும் உயிர்வளியும் கலந்த கூட்டுப்பொருளேயாகும். பெருந்தீயில் உருக்கி, உயிர்வளியைப் பிரித்த பின்னரே நமக்கு இரும்பு கிடைக்கிறது. அவ்விரும்பு மீண்டும் உயிர்வளியோடு கூடித் தன் பழைய நிலைக்குத் திரும்புவதையே துருவேறுதல் என்கிறோம். பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இது.

என் தந்தையார் விட்டுச்சென்ற மோரிஸ் மைனர் வண்டியை ஒரு பள்ளி விடுமுறையில் புதுப்பிக்கத் தொடங்கினேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் உப்புத்தாள் கொண்டு கதவின் பழைய சாயத்தைத் தேய்த்தெடுத்தேன். தகடு வெள்ளிபோல் மின்னியது. மாலையில் மழை வந்தது. நாளை சாயம் பூசலாம் என்று கதவை அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் தகடு முழுவதும் செம்மஞ்சள் படர்ந்திருந்தது. அதன் நடுவே என் உள்ளங்கையும் ஐந்து விரல்களும் அச்சடித்தாற்போல் தெரிந்தன. ஒரு நாள் உழைப்பு ஓர் இரவில் வீணாயிற்று.

காரணம் என்ன? துருவேற நீரும் உயிர்வளியும் ஒருங்கே வேண்டும். நீர் என்றால் மழைநீர் மட்டுமன்று. காற்றிலுள்ள ஈரமே போதும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்தால் துருவேறும் விரைவு திடீரென மிகுகிறது என்பதை இங்கிலாந்தில் வெர்னன் என்னும் ஆய்வாளர் 1930களில் எடுத்துக்காட்டினார். மலேசியாவிலோ ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இரவில் குளிர்ந்த தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. கை வியர்வையிலுள்ள உப்பு அதில் கரைந்து துருவை விரைவுபடுத்துகிறது. என் கை பதிந்த இடம் தனித்துத் தெரிந்தது இதனாலேதான்.

அலுமினியமும் உயிர்வளியோடு கூடுகிறது. ஆனால் அதனால் உண்டாகும் படலம் இறுகப் பற்றி நின்று உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பொருமி உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்புக்கும் ஈரம் செல்ல வழிவிடுகிறது.

ஆகவே, சாயம் பூசவேண்டிய தகட்டை ஓர் இரவும் வெறுமையாக விடலாகாது. துருவை நீக்கி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த கரைசலைத் தடவினால் இரும்பின் மேல் பாஸ்பேட்டுப் படலம் உண்டாகும். 1906இல் காஸ்லெட் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற முறையே இதற்கு முன்னோடி. தில்லியில் நிற்கும் ஏறத்தாழ 1600 ஆண்டுப் பழமையான இரும்புத் தூண் நிலைத்திருப்பதற்கும் அவ்விரும்பில் மிகுதியாக உள்ள பாஸ்பரசே முதன்மைக் காரணம் என ஆய்வாளர் கூறுவர். கரைசலைக் கழுவி, நன்கு உலர்த்தி, அன்றே எப்பாக்சி அடிச்சாயம் பூசிவிட வேண்டும். சாதாரணச் சாம்பல்நிற அடிச்சாயம் ஈரத்தை உள்ளே விடும். அதனை மட்டும் பூசி வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவது தவறு.

சாயம் பூச இயலாத பகுதிகளும் உண்டு. திருகாணிகள், இணைப்புத் தண்டுகள் ஆகியவற்றுக்கு மெழுகோ, ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கொழுப்போ ஏற்றது. நீரை விலக்குவதற்கென 1953இல் உருவாக்கப்பட்ட டபிள்யூடி-40 அப்போதைக்கு உதவும். அதன் மெல்லிய படலம் மழையில் நிற்கும் வண்டியில் நெடுநாள் தங்காது. வண்டியை நெடுங்காலம் நிறுத்தி வைப்பதாயின், தீப்பொறிச் செருகி இருக்கும் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு இயந்திரத்தைக் கையால் சுழற்றி வைத்தல் நலம். ஆனால் பிரேக் டிரம்மின் உட்புறத்தில் எண்ணெய் துளியும் படலாகாது. பட்டால் பிரேக் பிடிக்காது. அங்குள்ள மெல்லிய துரு வண்டியை ஓட்டும்போது தானே தேய்ந்து போகும். சுருள்வில்களையும் கடினமாக்கப்பட்ட திருகாணிகளையும் துருநீக்க அமிலத்தில் ஊறவைப்பதும் கூடாது. அமிலத்தால் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை அடைகிறது.

எல்லாவற்றினும் முக்கியமானது கண்ணுக்கு எட்டாத பகுதி. மோரிஸ் மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது; உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழுள்ள உள்ளீடற்ற விளிம்புப் பெட்டிகள் துருவால் அரிக்கப்பட்டால், மேலே சாயம் பளபளத்தாலும், விபத்து நேரும்போது உள்ளிருப்போர்க்குப் பாதுகாப்பு இல்லை. அவற்றினுள் மெழுகைப் பீய்ச்சி, நீர் வடியும் துளைகளை அடைபடாமல் வைத்திருக்க வேண்டும். வண்டியை ஞெகிழித் துணியால் இறுக மூடுவதும் ஈரத்தைச் சிறைவைப்பதே. காற்றோட்டமுள்ள கூரையே சிறந்தது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். ஓர் ஆணியை ஈரக்காற்றிலும், ஒன்றை உலர்ந்த காற்றிலும், மற்றொன்றைக் கொதித்து ஆறி எண்ணெய் மூடிய நீரிலும் ஒரு வாரம் வைத்தால் போதும். முதல் ஆணி மட்டுமே துருவேறும். இரும்பைக் காப்பதற்குரிய முறைகள் எல்லாம் அந்த மூன்று ஆணிகளில் அடங்கியுள்ளன. அன்று அதனை மாணவர்க்குக் கற்பித்த நானே என் வண்டியின் கதவில் அதை மறந்தேன்.